என்டிடி வகுப்பில் சேரும் முன் கேளுங்கள்: டெஸ்ட் பீஸ் எத்தனை இருக்கிறது?

வெட்டாமல், உடைக்காமல் ஒரு பொருளுக்குள் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைப் பாடநூல்கள் சிதைவில்லாச் சோதனை என்கின்றன. வேலை நடக்கும் இடத்தில் அதற்குப் பெயர் என்டிடி. கண்ணால் பார்க்கும் விடி, சாயம் ஊறவைக்கும் பிடி, காந்தத்தூள் தூவும் எம்டி, ஒலியலை அனுப்பும் யூடி, கதிர்ப்படம் எடுக்கும் ஆர்டி, சுழல்மின்னோட்டத்தால் பார்க்கும் ஈடி ஆகிய ஆறும்தான் பயிற்சி வகுப்புகளில் அதிகம் கற்றுத்தரப்படுபவை.

வகுப்பைத் தேடுபவர் முதலில் பார்ப்பது எத்தனை முறைகள், எத்தனை நாட்கள் என்பதைத்தான். அந்த இரண்டையும் ஒரு சின்னக் கணக்கால் சரிபார்க்கலாம். எஸ்என்டி-டிசி-1ஏ என்ற பரிந்துரை ஆவணம், லெவல் 1 (மேற்பார்வையில் சோதிப்பவர்), லெவல் 2 (தானே சோதித்து முடிவு எழுதுபவர்) இரண்டுக்கும் தனித்தனியே பயிற்சி நேரத்தைச் சொல்கிறது. பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டால் விடிக்கு 8 மணி நேரமும் 16 மணி நேரமும், பிடிக்கு 4-ம் 8-ம், எம்டிக்கு 12-ம் 8-ம், யூடிக்கு 40-ம் 40-ம், ஆர்டிக்கு 40-ம் 40-ம். இந்த ஐந்தையும் கூட்டினால் 216 மணி நேரம். தினம் 8 மணி நேரம் முழுதாக நடத்தினாலும் 27 நாட்கள் வேண்டும். ஐந்து முறைகளிலும் லெவல் 2 வரை பத்து நாளில் முடித்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், மீதி 17 நாட்கள் எங்கே போயின என்று கேளுங்கள்.

நேரம் சரியாக இருந்தாலும் போதாது. அந்த நேரத்தில் கை எதைத் தொடுகிறது என்பதுதான் முக்கியம். எந்தக் குறை, எந்த ஆழத்தில், எவ்வளவு நீளத்தில் இருக்கிறது என்று முன்பே தெரிந்த துண்டுகள்தான் டெஸ்ட் பீஸ். பற்றவைப்பில் சைடுவால் ஃபியூஷன் இல்லாதது (பக்கச் சுவரோடு உருகிச் சேராதது), ரூட்டில் (பற்றவைப்பின் அடியில்) விரிசல் உள்ளது, ஸ்லாக் (கசடு) சிக்கியது, போரோசிட்டி (காற்றுத் துளைகள்) உள்ளது, குறையே இல்லாதது என்று தனித்தனியாக இருக்க வேண்டும். குறையே இல்லாத துண்டு மிக அவசியம். எல்லாத் துண்டிலும் குறை இருக்கும் என்று பழகியவர், நல்ல பற்றவைப்பிலும் ஏதாவது ஒரு எக்கோவை (திரும்பி வரும் ஒலியை)ப் பிடித்து ரிப்பேர் எழுதிவிடுவார். இருபது பேர் இருக்கும் வகுப்பில் ஒரே ஒரு யூடி மெஷினும் இரண்டு பிளேட்டும் இருந்தால், ஒருவர் கைக்கு ப்ரோப் (ஒலியை அனுப்பி வாங்கும் முனை) வருவது நாளுக்கு அரை மணி நேரம்கூட இருக்காது.

சான்றிதழை யார் கொடுக்கிறார்?

இந்த இடத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். எஸ்என்டி-டிசி-1ஏ முறையில் சான்று தருபவர் வேலை கொடுக்கும் நிறுவனம். அந்த நிறுவனம் தனக்கென்று எழுதி வைத்துள்ள நடைமுறைப்படி பயிற்சி, அனுபவம், தேர்வு, கண் பரிசோதனை நான்கையும் பார்த்து, லெவல் 3 (மிக உயர்ந்த நிலை) ஒருவரின் மேற்பார்வையில் சான்று தரும். பயிற்சி நிலையம் தருவது பயிற்சியும் தேர்வு முடிவும் மட்டுமே. சான்று தந்த நிறுவனத்திலிருந்து விலகி வேறு இடத்தில் சேர்ந்தால், புதிய நிறுவனம் தன் நடைமுறைப்படி மறுபடி சான்று தர வேண்டும். ஐஎஸ்ஓ 9712 என்ற சர்வதேசத் தரநிலையின் முறையில் சான்று தருவது சுதந்திரமான ஒரு சான்றளிப்பு அமைப்பு. வேலை மாறினாலும் அது கூடவே வரும், 5 ஆண்டுகளுக்குச் செல்லும். விமானத் துறைக்கு என்ஏஎஸ் 410, ஈஎன் 4179 என்று தனி விதிகள் உண்டு. எந்தத் துறையில் வேலை தேடுகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு, அந்தத் துறை எந்தச் சான்றைக் கேட்கிறது என்று பார்த்துப் பணம் கட்டுங்கள்.

விடியை எளிதென்று நினைத்துத் தாண்டிவிட வேண்டாம். கண் பொருளிலிருந்து 600 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், பார்க்கும் கோணம் பரப்பிலிருந்து 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, வெளிச்சம் 1000 லக்ஸ் வேண்டும். லக்ஸ் மீட்டரைக் கையில் எடுத்து, பணிமனையின் மூலையில் எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை அளந்து பார்த்தால், டார்ச் ஏன் தேவை என்று புரிந்துவிடும். வெல்ட் கேஜால் அண்டர்கட் (வெல்டின் ஓரத்தில் விழும் பள்ளம்) ஆழத்தையும் ஃபில்லட் (மூலைப் பற்றவைப்பு) அளவையும் எடுக்கப் பழகினால், மற்ற எல்லா முறைகளிலும் அது கைகொடுக்கும்.

சாயச் சோதனை: செலவு குறைவு, தவறு அதிகம்

பிடியின் படிகளை யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள். சுத்தம் செய், உலர விடு, பெனட்ரன்ட் (ஊடுருவும் சாயம்) பூசு, ஊற விடு, மிச்சத்தைத் துடை, டெவலப்பர் (சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சு) தெளி, பார். ஒவ்வொரு படியிலும் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

சுத்தம் செய்வதற்காகச் சிலர் ஷாட் பிளாஸ்டிங் செய்துவிடுவார்கள். குண்டுகள் அடிக்கும்போது விரிசலின் வாய் மூடிக்கொள்ளும், சாயம் உள்ளே போகாது. அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தைக் கிரைண்டரால் தேய்த்தாலும் இதே கதிதான். தண்ணீரில் கழுவிவிட்டு உடனே பெனட்ரன்ட் பூசினால், விரிசலுக்குள் ஏற்கெனவே தண்ணீர் உட்கார்ந்திருக்கும், சாயத்துக்கு இடம் இருக்காது. ஊறும் நேரம், பொருளும் குறையின் வகையும் பொறுத்து 5 முதல் 10 நிமிடம் குறைந்தபட்சம். வழக்கமான வெப்பநிலை வரம்பு 5 முதல் 52 டிகிரி செல்சியஸ். வெயிலில் கிடந்த குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்து முடிவு செய்யாமல், தெர்மாமீட்டரை ஒட்டிப் பாருங்கள். வரம்புக்கு வெளியே செய்ய வேண்டியிருந்தால், அந்த வெப்பநிலையில் முறை வேலை செய்கிறது என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் ஒப்பீட்டு பிளாக். ஒரு அலுமினியத் தகட்டைச் சுமார் 510 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் மேற்பரப்பெங்கும் வலைபோல் விரிசல் விடும். அதன் ஒரு பாதியில் வழக்கமான வெப்பநிலையிலும், மறு பாதியில் புதிய வெப்பநிலையிலும் சோதித்து இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

மிகப் பெரிய பிழை நடப்பது மிச்சத்தைத் துடைக்கும்போதுதான். சால்வென்ட்டை (கரைப்பானை) நேராகப் பொருளின் மேல் தெளித்தால், விரிசலுக்குள் இருந்த சாயமும் கரைந்து வெளியே வந்துவிடும். முதலில் உலர்ந்த துணி, அடுத்து சால்வென்ட் நனைத்த துணி, அவ்வளவுதான். டெவலப்பரை அடர்த்தியாகத் தெளித்தால் நுண்ணிய கோடு அதன் அடியில் மறையும். மெல்லிய, சீரான வெள்ளைப் படலம் போதும். டெவலப்பர் காய்ந்ததும் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சாயம் முதலில் எங்கே, எந்த வடிவில் கசிகிறது என்பது அப்போதுதான் தெரியும். இறுதி முடிவை 10 நிமிடத்துக்குப் பிறகு எழுத வேண்டும். ரொம்ப நேரம் விட்டால் கோடு பரந்து வட்டமாகிவிடும், விரிசலா துளையா என்று சொல்ல முடியாது.

வகுப்பில் ஒரே விரிசல் துண்டை மூன்று முறை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் முறை சரியாகவும், இரண்டாவது முறை சால்வென்ட்டை வேண்டுமென்றே நேராகத் தெளித்தும், மூன்றாவது முறை டெவலப்பரை அப்பியும் செய்து, மூன்றையும் புகைப்படம் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒரு நாள் பாடம் சொல்லித்தராததை அந்த மூன்று படங்கள் சொல்லித்தரும். ஒவ்வொரு முறைக்கு நடுவிலும் துண்டை சால்வென்ட்டில் நன்றாக ஊறவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். பல வகுப்புகளில் பழைய சாயம் விரிசலில் உலர்ந்து அடைத்துக்கொண்டு, துண்டே வீணாகியிருக்கும். அதில் குறை தெரியவில்லை என்றால் பிழை மாணவருடையது ஆகாது.

காந்தத்தூள்

எம்டி இரும்புபோல் காந்தத்தால் ஈர்க்கப்படும் உலோகங்களுக்கு மட்டும். காந்தம் ஒட்டாத ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் யோக்கை (இரு கால்களுள்ள மின்காந்தத்தை) வைத்துக் காத்திருப்பது நேர விரயம். யோக்கின் வலுவை எடை தூக்கிச் சரிபார்க்கிறோம். கால்களின் இடைவெளியை வேலைக்கு வைக்கும் அளவிலேயே வைத்து, ஏசி யோக் 4.5 கிலோவும் டிசி யோக் 18.1 கிலோவும் தூக்க வேண்டும். இடைவெளி 75 முதல் 200 மி.மீ. வரை இருக்கலாம்.

விரிசல் காந்தப்புலத்துக்குக் குறுக்கே இருந்தால்தான் தூள் சேரும். புலத்தின் திசையிலேயே ஓடும் விரிசல் தெரியாது. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் யோக்கை முதல் வைப்புக்குக் குறுக்கே திருப்பி இரண்டாவது முறை வைத்தே ஆக வேண்டும். வேலை அவசரத்தில் விடுபடுவது இந்த இரண்டாவது வைப்புதான். வரிசையும் முக்கியம்: மின்சாரம் ஓடும்போது தூளைத் தூவி, அதிகத் தூளை மெல்ல ஊதி, பார்த்த பிறகு மின்சாரத்தை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் தூளோ திரவமோ விழுந்துகொண்டிருந்தால் சேர்ந்த கோடு கழுவப்பட்டுவிடும்.

ஒளிரும் திரவம் பயன்படுத்தினால் அதன் செறிவை 100 மி.லி. கூம்புக் குழாயில் படியவிட்டுப் பார்க்கிறோம். ஒளிரும் தூளுக்கு 0.1 முதல் 0.4 மி.லி., ஒளிராத தூளுக்கு 1.2 முதல் 2.4 மி.லி. படிய வேண்டும். கலக்கிக்கொண்டே இருக்கும் தொட்டியிலிருந்து எடுக்க வேண்டும். அசையாத தொட்டியின் மேல்மட்டத்திலிருந்து எடுத்தால் எண் குறைவாக வரும், தேவையில்லாமல் தூளைக் கொட்டுவீர்கள். புற ஊதா விளக்கு பரப்பில் ஒரு சதுர செ.மீ.க்கு 1000 மைக்ரோவாட் தர வேண்டும். இருட்டறைக்குள் போனதும் கண் பழகக் குறைந்தது 5 நிமிடம் கொடுங்கள்.

திருகு மரையின் அடியிலும், கீவே எனும் சாவிப் பள்ளத்திலும், தடிமன் திடீரென மாறும் இடத்திலும் தூள் சேரும். அவை குறைகள் ஆகா. சந்தேகம் வந்தால் காந்தத்தை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள். இரண்டு இரும்புத் துண்டுகள் உரசியதால் விழுந்த காந்தக் கிறுக்கல் போய்விடும், உண்மையான விரிசல் திரும்ப வரும்.

யூடி: இதில்தான் நேரம் செலவழிய வேண்டும்

ஒலியலைச் சோதனையில் திரையில் தெரிவது ஓர் எக்கோவும் ஒரு தூரமும். அந்தத் தூரத்தை வைத்து உலோகத்துக்குள் ஒரு புள்ளியைக் கற்பனையில் குறிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் முக்கோணவியலும் நிறையப் பேப்பரும் பென்சிலும் தேவை.

ஸ்டீலில் நீள்அலையின் வேகம் வினாடிக்கு சுமார் 5920 மீட்டர், குறுக்கலையின் வேகம் சுமார் 3230 மீட்டர். ப்ரோபின் ஷூ (பொருளைத் தொடும் சாய்வான அடிப்பாகம்) செய்யப்படும் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக்கில் 2730 மீட்டர். இந்த மூன்று எண்களை வைத்து ஸ்னெல் விதியைப் போட்டால், பெர்ஸ்பெக்ஸுக்குள் சாய்வு 27.5 டிகிரியைத் தாண்டினால் ஸ்டீலில் நீள்அலை மறைந்து குறுக்கலை மட்டும் இருக்கும், 57.7 டிகிரியைத் தாண்டினால் குறுக்கலையும் உள்ளே போகாது என்று வரும். 60 டிகிரி ப்ரோபுக்குள் (ஸ்டீலில் ஒலியைச் செங்குத்திலிருந்து 60 டிகிரியில் அனுப்புவது) ஒலியை உண்டாக்கும் படிகம் சுமார் 47 டிகிரியில் சாய்ந்திருக்கிறது. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, ஸ்டீலுக்கென்று செய்த 60 டிகிரி ப்ரோபைச் செம்பில் வைத்தால் ஏன் 60 டிகிரி வராது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

கருவியைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனை வி1, வி2 என்ற அளவு தெரிந்த ஸ்டீல் பிளாக்கில் செய்கிறோம். வி1-இல் 100 மி.மீ. ஆரத்தின் எக்கோ உச்சத்தைத் தொடும் இடத்தில் ஒலி வெளியேறும் புள்ளியைக் குறிக்க வேண்டும், அடுத்து துளையை வைத்துக் கோணத்தைச் சரிபார்க்க வேண்டும். வி2-இல் 25 மி.மீ. ஆரத்தை நோக்கினால் எக்கோக்கள் 25, 100, 175-இல் வரும். 50 மி.மீ. ஆரத்தை நோக்கினால் 50, 125, 200-இல் வரும். 25-க்கு அடுத்தது 50 என்று நினைத்து அதன்படி திரையைச் சரிசெய்வது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒலி திரும்பும் வழியில் மற்ற ஆரத்தையும் தொட்டுவிட்டு வருவதால்தான் இடைவெளி 75 ஆகிறது.

ஷூ தேயும். குதிகால் பக்கம் அதிகம் தேய்ந்தால் கோணம் மாறும். 60 டிகிரி என்று எழுதிய ப்ரோப் உண்மையில் 63 டிகிரி ஆகியிருந்தால், 60 மி.மீ. தூரத்தில் வரும் எக்கோவை நீங்கள் 30 மி.மீ. ஆழத்தில் குறிப்பீர்கள், அது இருப்பதோ 27.2 மி.மீ.யில். ரிப்பேர் செய்பவர் அந்த மூன்று மி.மீ.யைத் தேடித் தோண்டிக்கொண்டிருப்பார். ஆகவே ஒவ்வொரு நாளும் அளந்த கோணத்தைத்தான் கணக்கில் போட வேண்டும், ப்ரோபின் மேல் அச்சிட்டிருப்பதை அல்ல.

20 மி.மீ. தடிமனுள்ள பிளேட், 60 டிகிரி வி-பிரிப்பரேஷன் (பற்றவைக்க விளிம்புகளை V வடிவில் வெட்டியது) என்று வைத்துக்கொள்வோம். பக்கச் சுவர் ஒவ்வொன்றும் செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருக்கிறது. 60 டிகிரி ப்ரோபின் ஒலி அடியில் பட்டு மேலேறும்போது அந்தச் சுவரில் நேர்குத்தாக விழும். சைடுவால் ஃபியூஷன் இல்லாவிட்டால் பெரிய எக்கோ கிடைக்கும். அதே குறையை 45 டிகிரியால் பார்த்தால் ஒலி வேறு பக்கம் தெறித்துப் போய்விடும். அரை ஸ்கிப் (ஒலி பிளேட்டின் அடியைத் தொடும் வரை பரப்பில் உள்ள தூரம்) 34.6 மி.மீ., முழு ஸ்கிப் (அடியில் பட்டு மேலே வரும் வரை) 69.3 மி.மீ. வெல்டின் மையக்கோட்டிலிருந்து 34.6 மி.மீ.யில் ஒரு கோடு போட்டு, ப்ரோபின் ஒலிப்புள்ளியை அதன்மேல் நகர்த்தினால் அது ரூட் ஸ்கேன். அப்போது 40 மி.மீ. ஒலிப்பாதையைச் சுற்றி வருவதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். 42-இல் வந்தால் ஆழம் 21 மி.மீ., அதாவது பிளேட்டின் அடியையும் தாண்டிப் புடைத்திருக்கும் ரூட் பீடு. 40-க்குச் சற்று முன்னால் வந்தால் விரிசலோ ரூட் சேராததோ இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்து, இரண்டு முறை குறித்த புள்ளிகளும் எங்கே விழுகின்றன என்று பேப்பரில் வரைந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம். முழு ஸ்கிப் பாதையில் கணக்கு மாறும். 56 மி.மீ.யில் எக்கோ வந்தால் பாதியான 28-ஐ, தடிமனின் இரு மடங்கான 40-இலிருந்து கழித்து, ஆழம் 12 மி.மீ. என்று எழுத வேண்டும்.

கோண ப்ரோபை எடுக்கும் முன், ஒலி போகப்போகும் பகுதி முழுவதையும் நேர் ப்ரோபால் பார்த்தாக வேண்டும். இங்கே வெல்டுக்கு இருபுறமும் 70 மி.மீ.க்குக் குறையாமல். பிளேட்டுக்குள் லேமினேஷன் (உலோகம் அடுக்காகப் பிரிந்த இடம்) இருந்தால் கோண ஒலி அதில் பட்டுத் திரும்பிவிடும், வெல்டுக்குப் போகவே போகாது. திரை சுத்தமாக இருக்கும், வெல்டும் சுத்தம் என்று ரிப்போர்ட் எழுதப்படும்.

தடிமன் அளப்பது சிறிய வேலைபோல் தெரியும். பெயின்ட்டில் ஒலி மெதுவாகப் போவதால், பெயின்ட்டின் மேலேயே சாதாரண கேஜை வைத்தால் 0.5 மி.மீ. பூச்சு 1 மி.மீ.க்கும் அதிகமாகக் கணக்கில் சேரும். தேய்ந்துபோன குழாய் நல்ல குழாயாகத் தெரியும். கேஜின் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே உலோகம் மெலிந்திருந்தால், சில கேஜ்கள் இரண்டாவது எக்கோவைப் பிடித்து இரட்டிப்பு எண்ணைக் காட்டும். பக்கத்து இடங்களைவிடத் திடீரென மாறும் எந்த எண்ணையும் திரையில் அலையைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

கதிர்ப்படம்

ஆர்டியில் பெரும்பாலோர் கற்க வேண்டியது ஃபிலிமைப் படிப்பதை. கதிர்மூலத்தைக் கையாள, என்டிடி வகுப்புக்கு வெளியே கதிர்ப் பாதுகாப்புக்கான தனிப் பயிற்சியும், ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதியும் வேண்டும். காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது: 50 கியூரி இரிடியம்-192 மூலத்திலிருந்து 1 மீட்டரில் மணிக்குச் சுமார் 240 மில்லிசீவர்ட். தொழிலாளருக்கு ஓராண்டுக்கான சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். ஐந்தே நிமிடத்தில் அது முடிந்துவிடும். மூலம் கேமராவுக்குள் (மூலத்தை வைக்கும் கவசப் பெட்டிக்குள்) திரும்பிவிட்டது என்று கிராங்க் கைப்பிடி சுற்றிய எண்ணிக்கையை நம்பிப் போகக் கூடாது. ஒவ்வொரு எக்ஸ்போஷருக்கு (கதிர் பாய்ச்சிப் படம் எடுப்பதற்கு)ப் பிறகும் கதிரை அளக்கும் சர்வே மீட்டரைக் கையில் பிடித்து, கேமராவையும் கைடு குழாயின் நுனி வரையும் அளந்துகொண்டே நெருங்க வேண்டும்.

இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாட்கள் என்பதால், எக்ஸ்போஷர் நேரம் அந்த 74 நாளில் இரட்டிப்பாகும். தூரத்தை 500 மி.மீ.யிலிருந்து 700 ஆக்கினாலும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். படத்தின் விளிம்பு மங்கலைக் கணக்கிட: மூலம் 3 மி.மீ., பொருளின் தடிமன் 25, மூலத்திலிருந்து பொருளுக்கு 500 என்றால் 0.15 மி.மீ. ஃபிலிமை வெளிச்சத்தில் வைத்ததும் குறையைத் தேட ஆரம்பிக்காதீர்கள். முதலில் டென்சிட்டி (ஃபிலிமின் கருமை), காமாக் கதிர்ப் படத்துக்கு 2 முதல் 4-க்குள் இருக்கிறதா, ஐக்யூஐயின் (படத்தின் தரத்தைக் காட்ட வைக்கும் கம்பித் தொகுப்பின்) தேவையான கம்பி தெரிகிறதா, ஃபிலிமின் பின்னால் வைத்த ஈய எழுத்தின் வெளிறிய உருவம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த உருவம் விழுந்திருந்தால் பின்சிதறல் அதிகம், படத்தையே திரும்ப எடுக்க வேண்டும். பிறை வடிவக் கருங்கோடு, விரலால் ஃபிலிம் மடிந்த தடம். ஃபிலிமைச் சாய்த்து மேற்பரப்பில் ஒளி பட்டுத் தெறிக்கப் பார்த்தால் கீறலும் கறையும் தெரிந்துவிடும்.

ஈடியை, வெப்பப் பரிமாற்றிக் குழாய்களோ விமான பாகங்களோ உங்கள் வேலையில் இருந்தால் மட்டும் எடுங்கள். மற்றவர்கள் அந்த 80 மணி நேரத்தை யூடிக்குக் கொடுப்பது நல்லது.

தேர்வும் அதற்குப் பிறகும்

பொதுத் தேர்வு, குறிப்பிட்ட தேர்வு (ஸ்பெசிஃபிக் என்று பெயர்), செய்முறை என்று மூன்று. எஸ்என்டி-டிசி-1ஏ-யில் ஒவ்வொன்றிலும் 70 சதவீதமும், மூன்றின் சராசரியில் 80 சதவீதமும் வேண்டும். மூன்றிலும் 70, 70, 70 எடுத்தவர் தேறவில்லை. குறிப்பிட்ட தேர்வில் கோட் எனப்படும் விதிநூலைத் திறந்து பார்த்து ஏற்பு அளவுகளைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே வகுப்பிலேயே உண்மையான கோட் நூலின் பக்கங்களைப் புரட்டப் பழகுங்கள், குறிப்பேட்டுச் சுருக்கம் கைகொடுக்காது. செய்முறையில் மதிப்பெண் அதிகம் போவது குறையைத் தவறவிட்டதால் மட்டும் இல்லை. ப்ரோப் எண், பிளாக், கப்ளன்ட் (ப்ரோபுக்கும் பரப்புக்கும் நடுவே தடவும் திரவம்), கெயின் (ஒலியைப் பெருக்கிய அளவு), குறையின் தொடக்கப் புள்ளி எந்தக் குறியிலிருந்து அளந்தது என்று எழுதாத ரிப்போர்ட்டாலும் போகிறது. தொடக்கக் குறி இல்லாமல் "82 மி.மீ.யில் குறை" என்று எழுதினால் அதை வேறு யாராலும் மறுபடி கண்டுபிடிக்க முடியாது.

கண் பரிசோதனை ஆண்டுதோறும் தேவை. 30 செ.மீ. தூரத்தில் சிறிய எழுத்தைக் கண்ணாடியுடனோ இல்லாமலோ படிக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறியும் சோதனையும் உண்டு. பணம் கட்டும் முன்பே இரண்டையும் செய்து பாருங்கள்.

தேர்வில் தேறினாலும் அனுபவ நேரம் சேர்ந்த பிறகுதான் சான்று. லெவல் 1-க்குப் பிடியில் 70 மணி நேரம், யூடியில் 210. லெவல் 2-க்குப் பிடியில் மேலும் 140, யூடியில் மேலும் 630. முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, பொருள், தடிமன், முறை, மணி நேரம் எல்லாம் எழுதி, மேற்பார்வை செய்த லெவல் 2 அல்லது லெவல் 3-யிடம் அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். ஓராண்டு கழித்து நினைவிலிருந்து எழுதிய பக்கங்களில் எல்லா நாளும் எட்டு மணி நேரம் என்றே இருக்கும், தணிக்கை செய்பவர் முதலில் நிறுத்துவது அந்தப் பக்கத்தில்தான்.